கோடீஸ்வரன் வழக்கும் வழங்கப்படாத தீர்ப்பும்

கோடீஸ்வரன் வழக்கைப் பற்றி நம்மிடையே ஒரு கதை வழங்கிவருகின்றது. தனிச்சிங்களச் சட்டம் செல்லாது எனப் பிரித்தானியக் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது என்பதும், அத்தீர்ப்பை இலங்கை அரசு குப்பைக் கூடையில் எறிந்துவிட்டது என்பதும் அக்கதையின் சாரம். மேடைகளில் இது முழங்கப்படுகின்றது. நினைவு மலர்களில் அச்சேறுகின்றது. படித்தவர்களும் இதனை ஐயமின்றித் திருப்பிச் சொல்கின்றனர். செவிக்கு இனிய கதை இது. ஆயினும் உண்மையன்று. கோமறைக் கழகம் மொழிச் சட்டத்தைப் பற்றி ஆம் என்றும் கூறவில்லை, இல்லை என்றும் கூறவில்லை. பெறாத வெற்றியைப் பெற்றதாக நாம் பேசிவருவதனால், அந்த வழக்கில் உண்மையாகவே நிகழ்ந்த அநீதி யாது என்பதை எவரும் கேட்பதில்லை. அதனைக் கேட்க வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்காளி 1952 இல் அரசாங்கப் பொது எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்தவர். 1959 இல் அச்சேவையின் மேல்வகுப்புக்கு உயர்ந்தவர். அவர் சேர்ந்த காலத்தில் அலுவலகங்களின் மொழி ஆங்கிலம். கோவைகளும் கடிதங்களும் பரீட்சைகளும் ஆங்கிலத்திலேயே நடந்தன. நான்கு ஆண்டுகள் கழிந்து, 1956 இன் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தது. 1961 டிசெம்பரில் திறைசேரி ஒரு சுற்றுநிருபத்தை வெளியிட்டது. குறித்த காலத்துள் சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத உத்தியோகத்தரின் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் ஆணை. கோடீஸ்வரன் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரிலில் அவருக்குச் சேரவேண்டிய ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் சட்டமா அதிபரை எதிர்வாதியாக்கிக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

பெயரிலே கோடியைக் கொண்ட ஒருவர் மாதம் சில ரூபாவுக்காக வழக்காடினார் என்று நகைப்போர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் உளர். சம்பள ஏற்றம் என்பது யாதென அறியாதார் நகைப்பு அது. அரச சேவையிற் சம்பளம் ஓர் ஏணி. ஆண்டுக்கு ஒரு படி. ஓர் ஆண்டின் படி மறுக்கப்பட்டால் அந்த ஆண்டின் தொகை மட்டும் போவதில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவர் ஒரு படி கீழேயே நிற்பார். ஏற்றம் நின்றவர் சம்பளத் திட்டத்தின் உச்சியை எட்டுவதில்லை. இறுதிச் சம்பளத்தைக் கொண்டே ஓய்வூதியம் கணிக்கப்படுவதால், ஓய்வுபெற்ற பின்னரும் அந்தக் குறை மாதந்தோறும் அவரைத் தொடரும். அவர் காலமான பின் அவர் மனைவியையும் தொடரும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பழமொழி சொல்லிப் பிள்ளைகளைப் படிப்பித்த சமூகம் நம்முடையது. அந்த உத்தியோகத்தின் உள்ளீடே இந்த ஏணிதான். ஒருவரைப் பதவியிலிருந்து நீக்காமல், கதிரையில் இருத்தியபடியே வறியவராக்குவதற்குத் திறைசேரி கண்ட வழி இது. பதவி நீக்கம் ஊரறிய நடப்பது. ஏற்ற நிறுத்தம் சம்பளப் பட்டியலின் ஒரு நிரலில் ஓசையின்றி நடப்பது.

அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கு ஏனைய சமூகத்தார்க்கு இல்லாத கட்டுப்பாடுகளை விதிக்கும் சட்டத்தையும், ஒரு சமூகத்தார்க்கு மட்டும் சலுகை அளிக்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது எனத் தடுத்தது; மீறி இயற்றின் அச்சட்டம் அம்மீறலின் அளவுக்கு வெறிதாகும் எனவும் விதித்தது. மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர் 1964 இல் அளித்த தீர்ப்பில், அரசகரும மொழிச் சட்டம் இப்பிரிவுக்கு முரணானது என்றும், அதனைப் பற்றிக்கொண்டு எழுந்த சுற்றுநிருபம் செல்லாது என்றும், வழக்காளி தம் ஏற்றத்துக்கு உரித்துடையவர் என்றும் கூறினார். நமது மேடைகள் கோமறைக் கழகத்தின் தலையிற் சூட்டும் முடி, உண்மையில் இந்த மாவட்ட நீதிபதிக்கு உரியது. அவர் தமிழரும் அல்லர் என்பதை நினைவிற் கொள்வது நன்று.

சட்டத்திலும் சுற்றுநிருபத்திலும் எந்த இனத்தின் பெயரும் இல்லையே, எல்லோருக்கும் ஒரே பரீட்சைதானே, இதில் ஓரவஞ்சனை எங்கே என்று கேட்போர் உண்டு. நீரில் நீந்தவேண்டும் என்று மீனுக்கும் மாட்டுக்கும் ஒரே விதி இயற்றுவது போன்ற சமத்துவம் இது. தாய்மடியிற் பெற்ற மொழியை ஒருவருக்குத் தகைமையாக்கி, அதனை நடுவயதில் இரவுப் பாடமாகக் கற்கும்படி மற்றவரைப் பணித்துவிட்டு, இருவரையும் ஒரே தராசில் நிறுத்தோம் என்பது தராசையே ஏமாற்றுவதாகும். ஆயினும் இவ்வாதம் வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. இதற்கு முன் ஒருமுறை வென்றும் இருந்தது. 1953 இல் கொடக்கன் பிள்ளை வழக்கில், மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்கள் 29 ஆம் பிரிவை மீறவில்லை என இதே கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. சட்டங்கள் குடியுரிமையைப் பற்றியன, சமூகத்தைப் பற்றியன அல்ல என்பது அங்கு ஏற்கப்பட்ட நியாயம். இலண்டனை நீதியின் இருப்பிடமாகப் போற்றுகின்ற நமது பேச்சாளர்கள் 1953 ஐ ஏனோ மறந்துவிடுகின்றனர். தோட்டத் தொழிலாளியின் வழக்கு நமது வழக்கெனத் தோன்றவில்லை போலும்.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் மாவட்டத் தீர்ப்பைக் கவிழ்த்தது. மொழிச் சட்டம் செல்லும் எனக் கண்டா கவிழ்த்தது? இல்லை. அரச ஊழியர் ஒருவர் தம் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடுக்கவே முடியாது. ஆகவே யாப்புப் பிரச்சினைக்குள் நுழையத் தேவையில்லை என்பதே அத்தீர்ப்பின் நிலைப்பாடு. முடியின் விருப்பம் உள்ளவரையே ஊழியன் பதவி வகிக்கின்றான் என்ற ஆங்கிலக் கோட்பாட்டை இழுத்து வந்து இந்நாட்டின் மீது போர்த்தினர். சுதந்திரம் பெற்றுப் பத்தொன்பது ஆண்டுகளின் பின், தன் ஊழியனுக்குக் கூலி கொடுப்பது அரசின் கருணையாற் கிடைக்கும் கொடையே என்று தலைநகரின் தலைமை நீதிமன்றம் கூறிற்று! இத்தீர்ப்பு தமிழ் எழுதுவினைஞருக்கு எதிரானது என்று மட்டும் நாம் வாசித்துவிட்டோம். அன்று அரச சேவையில் இருந்த ஒவ்வொரு சிங்கள ஆசிரியருக்கும், புகையிரத ஊழியருக்கும், தபாற்காரருக்கும் எதிரான தீர்ப்பு இது. ஒரு தமிழரின் மொழிக் கேள்வியைத் தவிர்ப்பதற்காக அனைவரின் கூலியுரிமையும் பலியிடப்பட்டது.

கோமறைக் கழகம் 1969 டிசெம்பரில் திருத்தியது இந்தப் பிழையையே. டிப்லொக் பிரபு வாசித்த தீர்ப்பு, முடியின் விருப்பப்படி பதவி நீக்கலாம் என்பதும் செய்த வேலைக்குச் சம்பளம் தரவேண்டும் என்பதும் வெவ்வேறு விடயங்கள் என்று பிரித்துக் காட்டிற்று. ஆங்கிலேயர் கைப்பற்றிய போது இந்நாட்டில் இருந்தது உரோம ஒல்லாந்துச் சட்டம். அதன் வழிவந்த நமது நீதிமன்றங்கள் முடியின் மீது ஒப்பந்த வழக்குகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தன. 1868 இல் தீர்க்கப்பட்ட பிரேசர் வழக்கு அதற்குச் சான்றாக நின்றது. நமது நாட்டுச் சட்டத்தின் வரலாற்றை நமது நீதிபதிகளுக்கு இலண்டன் கற்பிக்க வேண்டியிருந்தது என்பது ஒருபுறம் கிடக்கட்டும். இத்தீர்ப்பினால் வழக்குரிமை பெற்றவர் இலங்கையின் எல்லா அரச ஊழியருமாவர். சிங்களம் படிக்க மறுத்த தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் சிங்கள ஊழியர்க்கும் சேர்த்துப் பெற்றுக்கொடுத்த உரிமை அது. தெற்கின் தொழிற்சங்க மேடைகளில் இதனைச் சொல்வார் இல்லை. வடக்கின் மேடைகளிலும் இல்லை, ஏனெனில் நாம் வேறு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

மொழிச் சட்டத்தைப் பற்றிய கேள்வியைக் கோமறைக் கழகம் தொடவில்லை. உயர் நீதிமன்றத்தின் கருத்தை அறியாது தாம் அதில் இறங்குவது தகாது எனக் கூறி, வழக்கை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. சட்ட ஒழுங்கு நோக்கில் இது சரியாக இருக்கலாம். காலத்தை நோக்குமிடத்து இது கொடிது. வழக்குத் தொடங்கி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. 1964 இல் வேறொரு வழக்கில், 29 ஆம் பிரிவு இலங்கைக் குடிமக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படை என்றும் மாற்றவொண்ணாதது என்றும் இதே கழகம் பெருமிதத்துடன் உரைத்திருந்தது. அத்தகைய பிரிவுக்கு நேரடிச் சோதனை வந்தபோது அது தபாலிற் கொழும்புக்குத் திரும்பிற்று.

கொழும்பில் அவ்வழக்கு மீண்டும் விசாரித்துத் தீர்க்கப்படவேயில்லை. 1970 மே மாதத்தில் ஆட்சி மாறியது. யூலையில் அரசியல் நிர்ணய சபை கூடியது. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 ஆம் நாள் பிறந்த குடியரசு யாப்பிலே 29 ஆம் பிரிவு இல்லை. சிங்களமே அரசகரும மொழி என்பது சாதாரண சட்டம் என்ற நிலையிலிருந்து யாப்பின் வாசகமாக உயர்ந்தது. தேசிய அரசுப் பேரவை இயற்றிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராயலாகாது என்ற தடையும் சேர்ந்தது. அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்காற்று ஆகியவற்றில் நிருவாகம் எடுக்கும் முடிவுகளும் நீதிமன்றங்களின் கைக்கு எட்டாதவை ஆயின. 1956 இல் ஒரு மொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவே இந்த யாப்பின் சிற்பியாக விளங்கினார் என்பதை விளக்க இடதுசாரி நண்பர்கள் பல பக்கங்கள் எழுதியுள்ளனர். ஒன்றும் திருப்தி தரவில்லை. விடையளிக்க அஞ்சிய கேள்வியை, கேட்க முடியாத கேள்வியாக்கிவிட்டனர். இதுவே அவ்வழக்கின் முடிவு. கட்சிக்காரர் தோற்றிருந்தால், அத்தீர்ப்பின் நியாயங்களோடு நாம் பொருதியிருக்கலாம். இங்கு நியாயமே உரைக்கப்படவில்லை.

வேலை கொள்வோன் தன் அலுவலகத்துக்கு வேண்டிய மொழியை ஊழியனிடம் கேட்பது தவறா என்று சிலர் வினவுவர். தவறன்று. மக்களோடு பேசவேண்டிய உத்தியோகத்தர் மக்களின் மொழியை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை மறுப்பவர் எவர்? அந்தக் கேள்வியை 1961 இன் சுற்றுநிருபம் கேட்டதா என்பதே விடயம். யாழ்ப்பாணத்திலே தமிழ் மக்களின் அலுவலைச் செய்யும் எழுதுவினைஞருக்கு அது சிங்களத்தைக் கட்டாயமாக்கியது. அதே மக்களின் அலுவலைச் செய்ய அனுப்பப்படும் சிங்கள உத்தியோகத்தரிடம் தமிழை அது கேட்கவில்லை. கடமைக்கு வேண்டிய மொழியெனின் இரண்டும் கேட்கப்பட்டிருக்கும். இன்றைய யாப்பின் 12 (2) ஆம் உறுப்புரை மொழி காரணமாக ஓரங்காட்டலைத் தடுத்துவிட்டு, கடமையை ஆற்றுதற்கு நியாயமாகத் தேவைப்படும் மொழியறிவை நியாயமான காலத்துள் பெறும்படி அரச ஊழியரைக் கேட்கலாம் என ஒரு விலக்கு வைத்துள்ளது. 2007 இன் பொது நிருவாகச் சுற்றுநிருபமோ, அவ்வாண்டு யூலை முதலாந் தேதியின் பின் சேர்வோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. சிங்களவர் தமிழும் தமிழர் சிங்களமும். சேரும்போதே அறிவிக்கப்பட்ட நிபந்தனை. இரு திசையிலும் செல்லும் நிபந்தனை. தமிழ் தெரியாத பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் நாம் இன்றும் மொழிபெயர்ப்பாளரைத் தேடி நிற்பதைக் கொண்டு அதன் நடைமுறையை அளந்துகொள்ளலாம். ஆயினும் கொள்கையளவில் 1961 க்கும் இதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. பரீட்சையைக் கண்டு அஞ்சிய சோம்பேறி எழுதுவினைஞரின் வழக்கு இது என்று சொல்வோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கட்டும்.

1987 இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. அந்த 'உம்' பற்றி நமது சங்கத்தில் இலக்கணம் பயில்வோர் ஒரு கட்டுரை எழுதலாம். முன்னே இருந்ததன் பின்னே வந்து ஒட்டிக்கொண்டது என்பதை அதைவிடச் சுருக்கமாக எவராலும் கூறவியலாது. எவ்வாறாயினும், சட்டப் புத்தகத்தில் மொழிப் பிரச்சினை மாறிவிட்டது. மாறாதது வேறொன்று. சட்டம் ஒன்று நிறைவேறியபின் அதன் செல்லுபடியை நீதிமன்றத்திற் கேள்விக்குள்ளாக்கலாகாது என்ற 1972 இன் தடை, 1978 யாப்பின் 80 (3) ஆம் உறுப்புரையாக இன்றும் உயிருடன் இருக்கின்றது. இன்று ஓர் அரச ஊழியரின் சம்பள ஏற்றம் ஓரவஞ்சனையான சுற்றுநிருபம் ஒன்றினால் நிறுத்தப்படுமாயின், அவர் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அந்தச் சுற்றுநிருபத்துக்குப் பின்னால் ஒரு பாராளுமன்றச் சட்டம் நிற்குமாயின், சட்டமூலமாக இருந்த சில நாட்களில் எவரும் வழக்கிட்டிராதவிடத்து, டி கிறெற்சர் 1964 இல் எழுதியது போன்றதொரு தீர்ப்பை எழுத இந்நாட்டின் எந்த நீதிபதிக்கும் இன்று அதிகாரம் இல்லை.