வண்ணக் கண்ணாடி: ஒரு கேள்வி, இரு விடைகள்

வெளிச்சம் பட்டால் கண் கூசுவோரும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோரும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “வண்ணக் கண்ணாடி அணிந்தால் சரியாகிவிடுமா?” கேள்வி ஒன்றாயினும் விடைகள் இரண்டு என்பதே எங்கள் கருத்து.

ஒளிக்கூச்சம் தனி நோயன்று; நோயின் அறிகுறி. கண் உலர்வு, கருவிழிக் கீறல், கண்ணின் உள்ளழற்சி, ஒற்றைத் தலைவலி, தலையில் பட்ட அடி எனக் காரணங்கள் பல. காரணத்திற்கு மருத்துவம் செய்த பின்னரும் கூச்சம் எஞ்சுமானால் வண்ணக் கண்ணாடி துணை நிற்கக்கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளோர் சிலருக்கு எஃப்.எல்.-41 எனப்படும் இளஞ்சிவப்புக் கண்ணாடி ஆறுதல் தருகிறது. வலியை மிகுதியாகத் தூண்டும் நீலப் பச்சை ஒளியை அது குறைக்கிறது. ஆனால், வீட்டிற்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிவதை நாங்கள் ஏற்பதில்லை. கண் இருளுக்குப் பழகிவிட்டால் சாதாரண விளக்கொளியும் உறுத்தத் தொடங்கும்.

வாசிப்புத் தடுமாற்றத்தின் நிலை வேறு. வண்ணத் தாள்களும் கண்ணாடிகளும் அதனைக் குறைக்கும் என்னும் கருத்தை 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஹெலன் இர்லென் பரப்பினார். அதற்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்பும் 2009இல் கூட்டறிக்கை வெளியிட்டன. டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் மூளை படும் சிரமமே அது. அச்சிரமத்தைக் கண்ணாடியின் நிறம் எவ்வாறு போக்கும்?

“வண்ணத் தாளை வைத்தால் எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன” என்று சில பிள்ளைகள் கூறுவதை நாங்கள் பொய்யென்று தள்ளவில்லை. பக்கத்தின் மீது விலை குறைந்த வண்ணத் தாளை வைத்துப் படிப்பதால் தீங்கில்லை. ஆனால் வசதி வேறு, தீர்வு வேறு. விலையுயர்ந்த கண்ணாடியை வாங்கிவிட்டு, “இனித் தானாகப் படித்துக்கொள்வான்” என்று காத்திருப்பதே எங்களை வருத்துகிறது. செலவழித்த பணத்தை மீண்டும் ஈட்டலாம்; கற்கும் பருவத்தில் இழந்த ஆண்டை மீட்பது அரிது.

ஆகவே பெற்றோர் முதலில் பிள்ளையின் பார்வைத் திறனையும் இரு கண்களும் இணைந்து இயங்குவதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குறை இருப்பின் அதைச் சரிசெய்த பின்னரும் தடுமாற்றம் தொடர்ந்தால், சிறப்புக் கல்வியாளரை நாடி, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

ஒளிக்கூச்சம் உள்ளோருக்கும் ஓர் எச்சரிக்கை: திடீர்க் கூச்சத்துடன் காய்ச்சலும் கழுத்து விறைப்புமோ, கண் சிவப்பும் பார்வை மங்கலுமோ சேர்ந்தால், கண்ணாடிக் கடைக்கன்று, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.