அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்!

மதுரையில் யாரிடமாவது ‘அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘கோரிப்பாளையத்துல இறங்கி நடந்தா வந்துரும்ண்ணே’ என்று வழி சொல்வார்கள். தப்பில்லை. 1881-ல் பசுமலையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் ஆரம்பித்த கல்லூரி அது. அங்கே பந்து உருண்டை. காலால் உதைப்பார்கள்.

அமெரிக்காவில் அதே மூன்று வார்த்தைக்கு அர்த்தமே வேறு. பந்து இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். பெயர் மட்டும் ஃபுட்பால்! நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. கடிகாரக் கணக்கில் ஒரு மணி நேர ஆட்டம். முடிய மூன்று மணிக்கு மேல் ஆகும். அதிலும் பந்து நிஜமாக நகர்வது இருபது நிமிஷம்கூடத் தேறாது. நம்ம ஆபீஸ் மாதிரிதான்.

1869 நவம்பர் 6-ந் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு காலேஜ்கள் நியூஜெர்ஸியில் மோதியதுதான் ஆரம்பம். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. இன்றைக்கு ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு சீசனில் சுமார் பன்னிரண்டு மேட்ச். பெரும்பாலும் சனிக்கிழமை. ஊரே கடையை மூடிவிட்டு மைதானத்துக்குப் போய்விடும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,000 பேர் உட்காரலாம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஏ.வி. பாலத்தை அடைத்து நிற்கிற கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஸீட் போட்டுக் கொடுத்த மாதிரி.

பணமும் அப்படித்தான் கொட்டுகிறது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதலிடம் கவர்னருக்கு இல்லை. காலேஜ் ஃபுட்பால் கோச்சுக்கோ பாஸ்கெட்பால் கோச்சுக்கோதான்.

சரி, ஆடுகிற பையனுக்கு?

ஃபீஸ், சாப்பாடு, ரூம். அவ்வளவுதான். ‘நீ மாணவன்ப்பா, காசு கேட்கலாமா?’ என்று சொல்லியே நூறு வருஷம் ஓட்டினார்கள். 2021 ஜூனில்தான் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் கண்டித்தார்கள். அடுத்த மாதமே விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025-ல் காலேஜே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகி, ஒரு வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை என்று வரம்பு கட்டினார்கள். அப்படியும் காலேஜில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை. மிச்சப் பேருக்கு மிஞ்சுவது டிகிரியும் முழங்கால் வலியும்.

இந்த ஆட்டத்தை நம்ம பக்கமும் இறக்குமதி செய்து பார்த்தார்கள். 2012-ல் ஒரு லீக். கொழும்பில் ஆடினார்கள். ஃபைனலில் புனே டெல்லியை 6-0 என்று ஜெயித்தது. லீக் நிலைக்கவில்லை. ஓடி வருகிறவனைப் பாய்ந்து பிடித்து மண்ணில் அமுக்குகிற ஆட்டம்தான் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே, அதுவும் ஹெல்மெட் செலவில்லாமல்!

ஆம், கபடி. தை பிறந்தால் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் ராத்திரியெல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் மைக்செட் அலறும். அந்தப் பையன்கள்தான் மதுரைக் காலேஜ்களுக்கும் ஆடுகிறார்கள். ஆனால் அமெரிக்கப் பையனுக்குப் பன்னிரண்டு மேட்ச் என்றால், இவனுக்கு நாக்-அவுட்டில் நாற்பதே நிமிஷத்தில் சீசன் முடிந்துபோகலாம். கேலரியில் இருப்பது சக ஹாஸ்டல்காரர்கள் பத்துப் பேர்.

அதற்கு ஏன் விடியற்காலையில் எழுந்து உருள வேண்டும்? காரணம் ஒரு காகிதம். காலேஜுகளுக்குள் ஜெயித்து, பல்கலைக்கழக டீமில் இடம் பிடித்து, வேறு மாநிலத்துக்கு ரயிலில் போய் ஆடிவிட்டு வந்தால் ஒரு சர்டிஃபிகேட். மத்திய அரசு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அதற்குப் பெயர் ‘ஃபாரம் 3’. ரயில்வேயோ, போஸ்ட் ஆபீஸோ... வீட்டில் முதல் சம்பளம் வாங்கப்போகிறவன் கனவு அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது.

‘புரோ கபடி வந்தாச்சே சார், கோடிகள்!’ என்பீர்கள். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தது. முதல் மேட்சிலேயே முழங்காலில் அடி. சீசன் முழுக்க ஆடவில்லை. கோடி ரூபாய் முழங்காலும் முழங்கால்தான். அவருக்கு டாக்டர் உண்டு, கான்ட்ராக்ட் உண்டு, அடுத்த சீசனும் உண்டு. மூன்றாவது வருஷம் பி.ஏ. படிக்கிற பையனுக்கு அடுத்த சீசன் கிடையாது. செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் கால் பிசகினால் ஃபாரம் 3 போச்சு, வேலையும் போச்சு.

உங்கள் ஆபீஸில் ஒருத்தர் இருப்பார். ஃபைல் கொஞ்சம் மெதுவாக நகரும். ‘அவருக்கென்ன, ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்று பின்னால் பேசுவோம். நாளைக்கு அவர் மாடிப்படி ஏறும்போது கவனியுங்கள். நாலாவது படியில் கைப்பிடியைப் பிடிப்பார். நாமெல்லாம் ஒரு பேனா தேய்த்து எழுதிய பரீட்சையை அவர் முழங்காலைத் தேய்த்து எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.