அரசாணை மட்டும் போதுமா?

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நெல்லைச் சீமை மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை! பொருநை கரைமீறிற்று, திருவைகுண்டத்தில் புகைவண்டியே பயணிகளோடு நின்றுவிட்டது.

2021இல் அரசு அறிவித்த காலநிலை மாற்ற இயக்கத்தின்படி மாவட்டந்தோறும் ஓர் அமைப்பு உண்டு. ஆட்சித் தலைவர் அதன் இயக்குநர். மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரசாணையால் பிறந்தது இன்னோர் அரசாணையால் மறையவும் கூடும். ஆட்சித் தலைவருக்கு மாற்றல் வந்தால் திட்டமும் உடன் மூட்டை கட்டாது என்பதற்கு என்ன உறுதி? குளத்துக் கரையும் மடையும் வெள்ளம் வந்த ஆண்டில் மட்டும் நினைக்க வேண்டியவையா?

‘சட்டம் செய்தால் தீருமா?’ என நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்கீழ் 1982இல் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தும், நம் ஆற்றில் சாக்கடை கலக்கத்தான் செய்கிறது. எனினும், ‘இது சட்டம் இட்ட கடமை’ என்று நீதிமன்றத்தில் வாதாட அங்கே வழியுண்டு. பிரிட்டனிலோ 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காலநிலைக் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தாக வேண்டும்.

நம் சட்டமன்றமும் மாவட்ட அமைப்புக்குத் தனி நிதி, முழுநேர அலுவலர், பாசன விவசாயிகளுக்கு இடம் ஆகியவற்றைச் சட்டமாக்கட்டும். ஆண்டறிக்கை தமிழில் வரட்டும். நம் பொருளியல் வகுப்பே படித்துக் கணக்குக் கேட்கும்!