ஆற்றின் அகலம்

சென்ற ஆண்டு பட்ட வகுப்பை முடிக்கும் நிலையிலிருந்த மாணவர் ஒருவரை, மேலே யாது கற்கக் கருதுகின்றீர் என வினவினேன். “ஆறுகளைப் பற்றிக் கற்பேன்” என்றார். உடனிருந்தோர் நகைத்தனர். ஆற்றில் நீர் ஓடுகின்றது. அதில் கற்பதற்கு என்ன உளது என்பது அவர்தம் எண்ணம் போலும். அந்நகைப்பு என் மனத்தை விட்டு அகலாமையின் இச்சில வரிகளை எழுதத் துணிந்தேன்.

ஆறு என்பது கோடையில் நாம் காணும் நீரோட்டம் மாத்திரமன்று. பெருமழையின்போது அது கரை கடந்து பரவும் தாழ்நிலமும் ஆறே. காவிரிப் பாங்கர் உழவர் அதனைப் படுகை என்பர். வெள்ளம் அங்கே பரந்து வேகந் தணிகின்றது, வண்டலை இறக்குகின்றது, நிலத்தினுட் புகுந்து கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. பத்திருபது ஆண்டு வெள்ளம் வாராதொழியின், நாம் அதனை வெற்றிடம் என்றெண்ணி வீடு கட்டுகின்றோம். வரிக்குப் புறம்பானது என்னும் பொருளில் வழங்கிய ‘புறம்போக்கு’ என்னுஞ் சொல், நம்மவர் வாயில் வசைச்சொல்லாகவே மாறிவிட்டதன்றோ? ஆற்றின் மெய்யான அகலம் இத்துணை என அளந்து, அஸ்திவாரம் இடுமுன்னரே சொல்லுதல் ஆற்றியல் அறிஞரின் தலையாய கடமை என்பது என் கருத்து.

பின்னர்ச் சொல்வதால் நேரும் செலவுக்குப் புளோரிடா மாகாணத்துக் கிஸ்ஸிமி ஆறு சான்று. அது 103 மைல் வளைந்து வளைந்து சென்று, அகன்ற சதுப்புப் படுகையை நனைத்து, ஓகீச்சோபி ஏரியிற் கலந்து வந்தது. 1947-இல் புயலால் வெள்ளம் பெருகி மக்கள் அல்லலுற்றனர். அவர்தம் முறையீடு நியாயமானதே. ஆயின் அரசினர் கண்ட பரிகாரம் யாது? 1962 முதல் 1971 வரை பாடுபட்டு, அவ்வாற்றை 56 மைல் நீளமும் 30 அடி ஆழமும் உள்ள நேர்க்கால்வாயாக வெட்டிவிட்டனர். வெள்ளம் விரைந்து வடிந்தது, படுகையும் உலர்ந்தது. குளிர்காலத்தில் வந்து தங்கிய நீர்ப்பறவைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மறைந்தன. தேங்கிய நீரிற் பிராணவாயு குன்றி நல்ல மீனினங்கள் அருகின.

வெட்டியதைத் தூர்க்க 1992-இல் அனுமதி கிடைத்தது. 1999-இல் தொடங்கிய வேலை 2021-இல் முடிவுற்றது. ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவு! அதுவும் 22 மைல் கால்வாயைத் தூர்த்து, 44 மைல் ஆற்றை மீட்பதற்கே. ஏனைய இடங்களில் வெள்ளக் காப்பு வேண்டியிருத்தலின் கால்வாய் இன்றும் உளது. இதில் நான் மிக வியப்பது மண்வெட்டும் யந்திரங்களையன்று. தூர்க்குமுன் நீரின் பிராணவாயுவையும் மீனையும் பறவையையும் ஆண்டுக்கணக்கில் எண்ணி வைத்தவர்களின் பொறுமையையே வியக்கின்றேன். அவ்வெண்ணிக்கை இன்றேல், பறவைகள் மீண்டன என்பதை எவர் மெய்ப்பிக்க வல்லார்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, அவ்வாற்றின் மேலேயே பாலமிட்டு நீட்டிய ஓடுதளத்தையுடைய சென்னை விமான நிலையம் வெள்ளத்தால் சில நாள் மூடப்பட்டது. ஏரியைத் திறந்தது குற்றமா, மழை மிகுந்தது குற்றமா என ஊரெங்கும் வாதித்தனர். படுகை எங்கே போயிற்று என்று கேட்டவர் சிலரே. அதன்பின் ஆற்றோரக் குடிசைவாசிகள் பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினர். அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம்! ஏழையின் குடிசையை மாத்திரம் ஆக்கிரமிப்பென்று குறித்து, மாளிகைகளைக் காணாது செல்லும் அளவுகோல் சாஸ்திரத்தின் அளவுகோலாகாது. அறிஞர் இதனை அஞ்சாது சொல்லல் வேண்டும். சொன்னால் எவரும் மாலை சூட்டார்.

இத்தொழிலுக்குக் கணிதமும் பௌதிகமும் தாவர நூலும் வேண்டும். ‘அந்த வருஷம் தண்ணீர் இந்தத் திண்ணைவரை வந்தது’ என்று காட்டும் முதியவரிடம் அமர்ந்து கேட்கும் பணிவும் வேண்டும். முன்னவை கல்லூரியிற் கிடைக்கும்.

அம்மாணவர் தாம் விரும்பிய கல்வியிலேயே சேர்ந்துள்ளார். இடுப்பளவு நீரில் நின்று ஓட்டத்தின் வேகத்தை அளந்ததாகவும், காலில் அட்டை கடித்ததாகவும், அளவு இருமுறையும் ஒத்து வந்ததாகவும் சென்ற வாரம் எழுதியிருந்தார்.