75 கிலோமீட்டர் சாலை... 18 மாதச் சண்டை... ஒரே வாரத்தில் தலைகீழ்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் மதுரைக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இலங்கையில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். அந்தச் சாலைக்காக சுமார் 20,000 சிப்பாய்கள் 18 மாதங்களுக்கு மேல் சண்டை போட்டார்கள். அப்படியும் முழுதாகக் கைக்கு வரவில்லை!

ஏன் இந்தச் சாலை? 1995 இறுதியில் யாழ்ப்பாணம் நகரை ராணுவம் பிடித்துவிட்டது. ஆனால் அங்கே போய்ச் சேரத் தரைவழி கிடையாது. நடுவில் இருக்கும் வன்னி, விடுதலைப் புலிகள் வசம். யாழ்ப்பாணத்துக்கு எதைக் கொண்டுபோவதென்றாலும் கப்பல் அல்லது விமானம்தான்.

1997 மே 13-ல் ராணுவம் கிளம்பியது. நடவடிக்கையின் பெயர் ‘ஜயசிக்குறு’. சிங்களத்தில் ‘வெற்றி நிச்சயம்’ என்று அர்த்தம். ஓமந்தை, நெடுங்கேணி சீக்கிரமே வந்துவிட்டன. புளியங்குளத்தில்தான் மாதக்கணக்கில் முட்டி நின்றது. 1998 பிப்ரவரி 4, இலங்கையின் 50-வது சுதந்திர தினம். அதற்குள் சாலையைத் திறப்பதாகச் சொன்ன கெடுவும் போனது. அந்த செப்டம்பர் கடைசியில் மாங்குளத்தை ராணுவம் பிடித்தது. அதே நாள்களில் மறுமுனையில் கிளிநொச்சி புலிகளிடம் போய்விட்டது. டிசம்பரில் ‘ஜயசிக்குறு’ கைவிடப்பட்டது.

1999 நவம்பர் 2-ல் புலிகள் பதிலடியைத் தொடங்கினார்கள். பெயர் ‘ஓயாத அலைகள்-3’. முதலில் ஒட்டுசுட்டான். பிறகு நெடுங்கேணி, மாங்குளம், கனகராயன்குளம்... ஒன்றரை வருடமாகப் பிடித்த இடங்களில் பெரும்பகுதி ஒரே வாரத்தில் பறிபோனது. எப்படி? ராணுவம் பிடித்து வைத்திருந்தது காட்டுக்கு நடுவே நீண்டு கிடந்த நிலம். ஓர் இடத்தில் உடைந்தால், அடுத்த முகாமில் இருப்பவர்களுக்குப் பின்வழி அடைபட்டுவிடும் என்ற பயம். கயிற்றுக் கட்டிலில் ஒரு கயிறு அறுந்த கதைதான்.

வரைபடத்தில் இதெல்லாம் அம்புக்குறிகள். அங்கே இருந்த ஜனங்களுக்கோ ஒவ்வோர் அம்புக்குறியும் ஓர் ஓட்டம். 1995-ல் யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தவர்களில் பலர் கிளிநொச்சியில் ஒதுங்கினார்கள். அடுத்த வருடமே அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. கூரைத் தகரத்தைக் கழற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு, போகிற இடத்தில் மறுபடி குடிசை. பாதுகாப்பு என்று நம்பி மடு மாதா கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள் மீதும் 1999 நவம்பர் 20-ல் ஷெல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுட்டது யார் என்பதில் இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டின.

இப்படி ஓடி ஓடிக் களைத்தவர்களில் ஒரு பகுதியினர்தான் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். மண்டபத்தில் பதிவாகி, தமிழ்நாட்டின் பல மாவட்ட முகாம்களுக்குப் பிரிந்தார்கள். நம் விருதுநகர் மாவட்டத்திலும் அப்படி முகாம்கள் உண்டு. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் 2021-ல்தான் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது.

அந்தச் சாலை? போர் நிறுத்தம் வந்து 2002 ஏப்ரலில் திறந்தார்கள். 2006 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள். போர் முடிந்த 2009-க்குப் பிறகுதான் பஸ் தொடர்ந்து ஓடுகிறது. சாலையின் வடக்கே, முகமாலைப் பக்கம், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் கண்ணிவெடி தோண்டினார்கள். மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் நிறைய பேர் அந்த ஊர்ப் பெண்கள்.