பரணில் என்ன இருக்கிறது?

அரக்கோணத்திலிருந்து ஒரு இளம் தாய் கடிதம் எழுதியிருக்கிறாள். கையில் ஐந்து மாதக் குழந்தை. 2025 மார்ச் 28-ம் தேதி மியான்மரில் பூகம்பம் வந்தபோது, எங்கோ தள்ளியிருக்கும் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்துபோனதை டி.வி.யில் பார்த்தாளாம். "அதிலிருந்து ராத்திரி லாரி போய் ஜன்னல் அதிர்ந்தால்கூட குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடுறேன் அக்கா. வீட்டுக்காரர் சிரிக்கிறார். நம்ம பக்கமெல்லாம் பூகம்பம் வருமா?" என்று கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்காரர் சிரிப்பதை முதலில் நிறுத்தட்டும். நம் பக்கமும் வந்திருக்கிறது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பக்கம் பலமாகவே ஆடியிருக்கிறது. 2001 செப்டம்பர் 25-ம் தேதி இரவு எட்டரை மணி வாக்கில் பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் வந்தது. சென்னையில் ஜனங்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். 2021 நவம்பர், டிசம்பரில் வேலூர் வட்டாரத்தில் லேசான அதிர்வுகள். வேலூர் எங்கள் திருத்தணிக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. எங்கள் ஊரில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு. பூகம்பம் என்கிற வார்த்தை மட்டும் இரண்டுக்கும் பொது. 2002-ல் தேசத்தின் பூகம்ப வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். ஐந்தாவதுதான் அதில் மிக மோசமானது. ஆகவே நாம் நடுத்தரம். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற அளவுக்கு இல்லை. அடியோடு மறந்துவிடவும் முடியாது.

ஆனால் மண்டலக் கணக்கை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதற்கு லாத்தூரைத்தான் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் ஜில்லாக்கள் அந்தக் காலத்து வரைபடத்தில் முதல் மண்டலம். அதாவது பயமே வேண்டாம் என்று வைத்திருந்த இடம். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது பூமி ஆடியது. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள். கில்லாரி என்ற ஊரும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் மண்மேடாகிவிட்டன. இறந்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர்.

இத்தனைக்கும் ரிக்டர் கணக்கில் அது 6.2-தான். இதைவிடப் பெரிய பூகம்பங்கள் உலகத்தில் எத்தனையோ வருகின்றன. பிறகு ஏன் இத்தனை சாவு? வீடுதான் காரணம். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு மூன்று அடி கனத்தில் கருங்கல் சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்ட் கிடையாது, வெறும் மண். மேலே வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மரச்சட்டத்தின் மேல் வருஷா வருஷம் மண் போட்டுப் போட்டு, மலை மாதிரி பாரம். பார்க்கக் கோட்டை போல இருக்கும். வசதியானவர்கள் அதில்தான் படுத்திருந்தார்கள். கூரைக் குடிசையில் படுத்திருந்த ஏழைகள் பலர் உடம்பைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். விதி என்பார்கள் பெரியவர்கள். எனக்கென்னவோ அது பாரத்தின் கணக்காகத்தான் படுகிறது.

அந்தச் சுவர் சரிந்த விதத்தை நம் பாஷையில் சொல்கிறேன். பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் துணி, கீழ்த் துணி, நடுவில் பஞ்சு. மெத்தை தைக்கிறவர் அங்கங்கே நீள ஊசியை மேலிருந்து கீழே விட்டு முடிச்சுப் போடுவார் இல்லையா? அந்த முடிச்சு இல்லாவிட்டால் பஞ்செல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி மெத்தை உப்பிவிடும். கல் சுவரும் அப்படியே. உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்க, குறுக்கே நீளக் கல் வைக்க வேண்டும். அதை வைக்காமல் கட்டியிருந்தார்கள். ஆட்டம் வந்ததும் சுவர் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடியோடு போன ஊர்களைத் தள்ளி வேறு இடத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். பாதி சேதமான ஊர்களில் நின்றிருந்த வீடுகளைப் பழுது பார்த்துப் பலப்படுத்த ஒரு திட்டம் போட்டது மகாராஷ்டிர அரசு. சர்க்கார் பணம் கொடுக்கும்; எப்படிச் செலவழிப்பது, சுவரில் ஓட்டை போட்டு எங்கே கம்பியும் கான்கிரீட்டும் வைத்துத் 'தையல்' போடுவது என்று வீட்டுக்காரர்களுக்கு யார் சொல்வது? அந்த வேலைக்கு மாதர் சங்கத்துப் பெண்களையே அமர்த்தினார்கள். 'சம்வாத் சஹாயக்' என்று பெயர். பேசிப் புரியவைக்க உதவுகிறவர் என்று அர்த்தம். 'ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்' என்ற அமைப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் இப்படிப் பெண்களைத் திரட்டியது. அதுவரை ஆண்களுக்கு எதிரில் வாய் திறக்காதவர்கள், மேஸ்திரியிடம் போய் "இந்த மூலையில் கம்பி எங்கே?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

2001 ஜனவரி 26-ல் குஜராத்தில் கட்ச் பகுதி ஆடியபோது இந்தப் பெண்கள் அங்கேயும் போனார்கள். அன்று குடியரசு தினம். அஞ்சார் ஊரில் கொடி பிடித்து ஊர்வலம் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் 185 பேர் ஒரு குறுகிய தெருவில் இரண்டு பக்கமும் வீடுகள் சரிந்து மாண்டுபோனார்கள். எழுதும்போதே கை ஓடவில்லை. பறிகொடுத்த தாய்மாரிடம் யார் என்ன பேச முடியும்? தானும் பறிகொடுத்தவள் பேசினால் காது கேட்கும். 2004 சுனாமிக்குப் பிறகு லாத்தூர்ப் பெண்களும் கட்ச் பெண்களும் நம்ம நாகப்பட்டினத்துக்கே வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம் மீனவப் பெண்களுக்கு மராத்தி தெரியாது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். பூமியை நாம் பிடித்து நிறுத்த முடியாது. பரணைக் காலி பண்ண முடியும். எங்கள் வீட்டில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் சொந்தக்காரர்களுக்குப் பொங்கிப் போடுவதற்கென்றே மூன்று பித்தளை அண்டாக்கள். என் மாமியார் காலத்திலிருந்து படுக்கையறைப் பரணில்தான் இருந்தன. என் பெண் பிரசவத்துக்கு வந்தபோது அந்த அறையில்தான் தூளி கட்டினோம். "அண்டாவை இறக்கணும் அத்தை" என்றேன். "நாப்பது வருஷமா விழாதது இப்பத்தான் விழப்போகுதா?" என்றார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே என் கணவரைக் கூப்பிட்டு, "ஏணியை எடுத்தா" என்றார். இப்போது அண்டாக்கள் சமையலறை மூலையில், ஒன்றுக்குள் ஒன்றாக. இடத்தை அடைக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

படுக்கிற இடத்துக்கு நேர் மேலே கனமான சாமான், கண்ணாடி போட்ட பெரிய படம் வேண்டாம். பீரோவைச் சுவரோடு கிளாம்ப் அடித்து நிறுத்திவிடுங்கள். பூகம்பம் வராவிட்டாலும், பீரோக் கதவில் தொங்கி ஏறுகிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். டார்ச் லைட் தலைமாட்டில் இருக்கட்டும்.

ஆடுகிறபோது மாடிப்படியில் ஓடாதீர்கள், லிஃப்ட் பக்கம் போகவே கூடாது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கெட்டியான மேஜைக்கு அடியில் உட்காருங்கள். மேஜை இல்லாவிட்டால் ஜன்னலும் பீரோவும் இல்லாத உள்சுவரை ஒட்டிக் குனிந்து, குழந்தையின் தலையையும் உங்கள் தலையையும் மூடிக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றதும் வெளியே வந்து மதில், கரண்ட் கம்பம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். பின்னாலேயே சின்னச் சின்ன ஆட்டங்கள் வரும். பால் புட்டியை எடுக்க உடனே உள்ளே ஓட வேண்டாம்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிற சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. கட்டடத்துக்குத் தண்ணீர் விடும் வேலையை எப்படியும் நம் தலையில்தான் கட்டுவார்கள். போகிற போக்கில் தூணுக்குக் கம்பி கட்டுவதையும் பாருங்கள். தூண் கம்பியைச் சுற்றிப் போடுகிற ரிங்கின் இரண்டு நுனியும் நன்றாக உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். தூணும் உத்தரமும் சேருகிற இடத்தில் ரிங்குகளை நாலு அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கிப் போடச் சொல்லுங்கள். "உனக்கென்னம்மா தெரியும்" என்பார் மேஸ்திரி. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், அப்புறம் பிரித்துப் பார்க்க முடியாது.