மதிப்பெண்ணுக்கு ஒரு மொழியா?

அரசு ஜூனியர் கல்லூரிகளில் (11, 12ஆம் வகுப்புகள்) சம்ஸ்கிருதத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டுவர 2025 ஏப்ரலில் தெலங்கானா இன்டர்மீடியட் வாரியம் முனைந்தபோது, ஹைதராபாத்தில் தெலுங்கு ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தெலுங்கு பின்தள்ளப்படும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானதே.

தனியார் கல்லூரி மாணவர்கள் பலர் சம்ஸ்கிருதத்தைத் தேர்ந்தெடுப்பது காளிதாசனைப் படிக்க அல்ல. மதிப்பெண்ணை அள்ளி, மிச்ச நேரத்தை நுழைவுத் தேர்வுக்கு ஒதுக்க. கட்டுரை வினாக்களுக்குத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோகூட விடை எழுதலாம். 'வித்யா + ஆலயம் = வித்யாலயம்' என்று சந்தியை உருப்போட்டால் போதும்; அதே விதியைக் கொண்டு புதிய சொல்லைப் பிரிக்கத் தெரியவேண்டியதில்லை. இதனால் தெலுங்கும் தேய்கிறது, சம்ஸ்கிருதமும் வளரவில்லை.

அதற்காகப் பழைய மொழியும் இலக்கணமும் வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இலக்கணப் பண்டிதர்களின் கெடுபிடியை எதிர்த்துப் பேச்சுத் தெலுங்குக்காகப் போராடியவர் கிடுகு ராமமூர்த்தி. அவரே பழைய இலக்கியத்தையும் கல்வெட்டுகளையும் ஆதாரம் காட்டித்தான் வாதாடினார். சவரப் பழங்குடியினரின் மொழிக்கு இலக்கணமும் எழுதினார். விதியை ஆழக் கற்றவருக்கே அதை மீறும் தகுதி வருகிறது.

சம்ஸ்கிருதம் விருப்பப் பாடமாக இருக்கட்டும். தாய்மொழியின் இடத்தில் வேண்டாம். எந்த மொழித் தேர்வானாலும், பார்த்திராத ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல வைக்கட்டும். வாரியம் முதலில் திருத்தவேண்டியது வினாத்தாளைத்தான். தமிழிலும் இலக்கணத்தை மதிப்பெண்ணுக்கான வினாவாகச் சுருக்கிவிட்ட நமக்கும் இது பொருந்தும்.